கிணறு வளவுக்குள்ளா, வெளியிலா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் நிலைபேறான அபிவிருத்திக் குறிகாட்டிகளைப் பற்றி, அதாவது அபிவிருத்தி நிலைத்து நிற்குமா என்று எண்ணால் காட்டும் அளவுகோல்களைப் பற்றி, போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். நாட்டளவில் பரீட்சித்துப் பார்க்காத குறிகாட்டியைப் பாவிப்பது, கழுவாத சட்டியில் பால் காய்ச்சுகிற மாதிரி என்று எழுதியதாக ஞாபகம். பதினொரு கடிதம் வந்துவிட்டது. முப்பத்தொரு வருடம் கணக்கெடுப்புக் கொப்பியோடு மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையும் மேற்கே படுவான்கரையும் அலைந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றி ஒருவராவது கேட்பார்கள் என்று நினைக்கவே இல்லை. ஆகவே இந்த மாதம் ஓய்வூதியக் கேள்விகள், முருங்கை மரத்தில் மயிர்க்கொட்டி எல்லாம் அடுத்த இதழுக்கு.

*கேள்வி: 'குறிகாட்டிகளை நாட்டளவில் பரீட்சித்தல்' என்கிறீர்கள். பரீட்சை நாட்டுக்கா, குறிகாட்டிக்கா? எங்கள் விரிவுரைக் குறிப்பில் இரண்டே வரிதான் இருக்கிறது.*
– பல்கலைக்கழக மாணவி, ஆரையம்பதி

குறிகாட்டிக்குத்தான் மகள். பெரிய பெரிய ஆட்களே இதில் குழம்புகிறார்கள்.

என் தகப்பனார் வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு களவெட்டியில் இருப்பார். நெல் வாங்க வருகிறவர் கொண்டுவரும் மரைக்காலை முதலில் தன் கையில் வாங்கிக் கவிழ்த்துப் பார்ப்பார். அடித்தகடு வெளியே பிதுங்கியிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவுவார். அதற்குப் பிறகுதான் நெற்குவியலைத் தொட விடுவார். நெல்லை அளப்பது ஒரு வேலை, மரைக்காலை அளப்பது இன்னொரு வேலை. நீங்கள் கேட்டது இரண்டாவது வேலை.

கதை 1992 இல் றியோவில் நடந்த ஐ.நா. சுற்றாடல், அபிவிருத்தி மாநாட்டில் தொடங்குகிறது. அங்கே ஏற்றுக்கொண்ட அஜெண்டா 21 என்ற ஆவணத்தின் 40 ஆவது அத்தியாயம், அபிவிருத்தி நிலைத்து நிற்குமா என்று காட்டுவதற்குக் குறிகாட்டிகள் வேண்டும் என்றது. 1995 இல் ஐக்கிய நாடுகளின் நிலைபேறான அபிவிருத்தி ஆணைக்குழு அதற்கு ஒரு வேலைத்திட்டம் போட்டது. 1996 இல் 134 குறிகாட்டிகள் கொண்ட ஒரு பட்டியல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கத்தாள்: இது எதைச் சொல்கிறது, எந்த அலகில் அளப்பது, தரவு எங்கே கிடைக்கும், இதன் பலவீனம் என்ன. பலவீனத்தையும் எழுதிவைத்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்த இடம்.

பிறகு 22 நாடுகள் 'நாங்கள் பரீட்சித்துப் பார்க்கிறோம்' என்று தாமாகவே முன்வந்தன. ஆபிரிக்காவில் கானா, கென்யா, மொரோக்கோ, தென்னாபிரிக்கா, தூனிசியா. நம் பக்கத்தில் சீனா, மாலைதீவு, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ். ஐரோப்பாவில் ஏழு, அமெரிக்கக் கண்டத்தில் ஆறு. இலங்கை அதில் இல்லை. 1996 முதல் 1999 வரை அந்த நாடுகள் தங்கள் தங்கள் அலுவலகங்களில் உட்கார்ந்து, இந்த 134 இல் எதை நம்மால் கணக்கிட முடியும், எதற்குத் தரவே இல்லை, எது நம் நாட்டுக்குப் பொருந்தவே இல்லை என்று பார்த்தன.

என்ன நடந்தது? பட்டியல் சுருங்கியது. 2001 இல் 58. அந்தப் பழைய பட்டியலை 'உந்துகை, நிலை, எதிர்வினை' என்று மூன்று நிரலாகப் பிரித்திருந்தார்கள். நிலத்தடி நீரை உறிஞ்சுவது உந்துகை, நிலத்தடியில் மிஞ்சியிருப்பது நிலை, கழிவுநீரைச் சுத்திகரிப்பது எதிர்வினை. தாளில் பார்க்க அழகு. நாடுகள் கையில் எடுத்துப் பாவித்தபோது எதை எந்த நிரலில் போடுவதென்று இழுபறி. ஆகவே அந்தச் சட்டகத்தையே கைவிட்டு, வறுமை, சுகாதாரம், நன்னீர் என்று விடயவாரியாக மாற்றினார்கள். 2007 இல் இன்னொரு தடவை திருத்தி 96 ஆக்கி, அதில் 50 ஐ மையக் குறிகாட்டிகள் என்றார்கள். விரிவுரையாளர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்: அந்தப் பரீட்சையில் பாதிக்கு மேல் சித்தியடையவில்லை. தோற்றது நாடுகள் இல்லை.

*கேள்வி: சில இடத்தில் 244 குறிகாட்டி, சில இடத்தில் 232, இன்னொரு இடத்தில் 231 என்று போடுகிறார்கள். எது சரி?*
– ஆசிரியர், சம்மாந்துறை

மூன்றும் சரி. 2015 இல் வந்த நிலைபேறான அபிவிருத்தியின் 17 இலக்குகளுக்கு 2017 இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பட்டியலில் 244 வரி இருந்தது. சில குறிகாட்டிகள் இரண்டு மூன்று இடத்தில் திரும்ப வந்ததால் தனித்தனியாக எண்ணினால் 232. 2020 மீளாய்வுக்குப் பிறகு 247 வரி, தனித்தனியாக 231. பரீட்சைத்தாளில் எந்த வருடம் என்று கேட்டிருந்தால்தான் வில்லங்கம்.

*கேள்வி: எங்கள் ஊருக்கும் வந்து தண்ணி, மலசலகூடம் என்று ஒரு மணித்தியாலம் கேட்டுக்கொண்டு போனார்கள். நான் சொன்ன பதிலெல்லாம் கொழும்புக்குப் போய் என்னவாகிறது? ஒரு பிரயோசனமும் கண்ணில் படவில்லை.*
– விவசாயி, வெல்லாவெளி

ஐயா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் பிரயோசனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், கேட்ட கேள்வியே சரியா என்று பார்க்க வேண்டும். என் வாழ்க்கையில் அதை எனக்குப் படிப்பித்தது ஒரு கிழவி.

மண்முனைப் பாலம் 2014 இல்தான் திறந்தார்கள். அதற்கு முன்பு படுவான்கரைக்குப் பாதை என்கிற மிதவைப் படகில்தான் போவோம், மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு. ஒரு தை மாதம். புதிய படிவம் ஒன்றைப் பெரிய கணக்கெடுப்புக்கு முன்னால் சில வீடுகளில் கேட்டுப் பார்க்கச் சொல்லி எங்களை அனுப்பியிருந்தார்கள். வாவியை ஒட்டிய ஒரு ஊர். கடைசி வீட்டில் எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா. முற்றத்தில் ஒரு ஆடு, ஒரு மாமரம், பத்து எட்டு வைத்தால் கிணறு.

"குடிக்கிற தண்ணி எங்க எடுக்கிற அம்மா?"

"கிணறு வளவுக்குள்ளதான் மகள்."

வளவுக்குள், பாதுகாக்கப்பட்ட கிணறு, எடுக்கும் நேரம் பூச்சியம். மூன்று கட்டத்திலும் அடையாளம் போட்டேன். கிணறு நிரம்பிக் கிடந்தது. கயிறு தேவையில்லை, குனிந்து வாளியால் முகரலாம். அந்த அம்மா அதில் முகர்ந்து மூக்குப்பேணியில் எனக்கும் தந்தார். நல்ல தண்ணீர், பச்சைத் தண்ணீரின் குளிர்.

அதே ஊருக்கு ஆவணி மாதம் வேறொரு வேலையாகப் போனேன். அம்மா என்னை ஞாபகம் வைத்துக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். சீனி அள்ளிப் போட்டிருக்கிறார், ஆனாலும் நாக்கில் உப்புக் கரித்தது. கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு முழம் தண்ணீர், அரிக்கன்லாம்புச் சிமினிப் புகை மாதிரி நிறம்.

"கோடைக்கு இதக் குடிக்க ஏலாது மகள். ஆட்டுக்கும் உடுப்புக்கும்தான். குடிக்கச் சந்தியில பவுசர் வரும். வந்தா வரும்."

சந்திக்கு நடை பத்து நிமிடம். பவுசருக்குக் காத்திருப்பது சில நாள் ஒரு மணித்தியாலம், சில நாள் இரண்டு.

ஐ.நா. கணக்கில் ஒரு வீட்டுக்கு 'அடிப்படைக் குடிநீர்' இருக்கிறது என்று சொல்ல, நல்ல மூலத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்து சேர்க்க 30 நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. போகிற நேரம், வரிசையில் நிற்கிற நேரம், வருகிற நேரம் எல்லாம் சேர்த்து. அதற்கு மேல் ஒரு படி, அந்த 17 இலக்குப் பட்டியலில் 6.1.1 என்ற குறிகாட்டி. அது 'பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் குடிநீர்'. அதற்கு மூன்று நிபந்தனை: தண்ணீர் வளவுக்குள் இருக்க வேண்டும், தேவைப்படும் நேரம் கிடைக்க வேண்டும், மலக் கிருமியும் ஆசனிக், புளோரைட் போன்ற இரசாயனமும் தீங்கு செய்யும் அளவில் இருக்கக்கூடாது. அந்த அம்மாவின் வீடு தையில் முதல் இரண்டு நிபந்தனையிலும் சித்தி. ஆவணியில் அடிப்படைப் படியிலேயே தோல்வி. என் படிவத்தில் எந்த மாதம் என்று கேட்கும் கட்டமே இல்லை. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. நானும் பிழையாக எழுதவில்லை. ஆனாலும் எழுதியது பிழை.

நம் கரையோர மண்ணைத் தெரிந்தவர்களுக்கு இது புதினம் இல்லை. மணலுக்குள் மழைத்தண்ணீர் ஒரு தோணி மாதிரி உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. மேலே இறைக்க இறைக்க உப்பு கீழிருந்து ஏறி வரும். சுனாமிக்குப் பிறகு கிணறுகளைத் துப்புரவாக்குவோம் என்று சனம் விடாமல் இறைத்ததில் சில கிணறுகள் இன்னும் உப்பானது இதனால்தான்.

'பாதுகாக்கப்பட்ட கிணறு' என்ற சொல்லுக்கும் ஒரு கதை இருக்கிறது. நம் ஊரில் சீமெந்துக் கட்டுக் கட்டிய கிணறென்றால் கண்ணை மூடிக்கொண்டு அப்படி எழுதிவிடுவோம். சர்வதேச விளக்கத்தில் கட்டு மட்டும் போதாது. சிந்துகிற தண்ணீர் திரும்ப உள்ளே போகாமல் சுற்றிவரச் சீமெந்துத் தளம் வேண்டும், காகம் எச்சமிடாமல் மூடியும் வேண்டும். எத்தனை வளவில் மூடி போட்ட கிணறு பார்த்திருக்கிறீர்கள்? 2011 தையில் வந்த வெள்ளத்தில் கட்டுக்கு மேலாலேயே வெள்ளம் போனது. அன்று எந்தக் கிணற்றைப் பாதுகாக்கப்பட்டது என்று எழுதுவது?

நான் ஆவணிக் கதையை அறிக்கையாக எழுதிக் கொடுத்தேன். 'பருவகாலம் பற்றிய அவதானிப்பு நன்று' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார்கள். படிவம் மாறவில்லை. அந்த இடத்தில் உங்கள் கோபத்தோடு நானும் சேர்ந்துகொள்கிறேன் ஐயா.

*கேள்வி: வறுமை 2016 இல் 4.1 வீதம், 2019 இல் 14.3 வீதம். மூன்று வருடத்தில் நாடு மூன்று மடங்கு ஏழையானதா? நான் வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன், என் மேசைக்கு வந்த ஆட்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.*
– வங்கி உத்தியோகத்தர், கல்முனை

உங்கள் மேசை சரியாகத்தான் சொல்கிறது. மாறியது மரைக்கால். 2016 இல் பாவித்த வறுமைக்கோடு 2002 ஆம் ஆண்டுச் சனத்தின் சாப்பாட்டையும் செலவையும் வைத்துப் போட்டது. விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டு வந்து ஆளொன்றுக்கு மாதம் 4,166 ரூபாவில் நின்றது. பிறகு 2012/13 ஆம் ஆண்டுச் செலவை அடிப்படையாக வைத்துக் கோட்டைப் புதிதாகப் போட்டார்கள். 2019 இல் அது 6,966 ரூபா. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 27,864. கோடு உயர்ந்தால் கோட்டுக்குக் கீழே நிற்கிறவர்களும் கூடுவார்கள்தானே. புதிய கோட்டில் எண்ணினால் 30 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேடையில் பேசுகிறவரை நம்பாதீர்கள், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும்.

என்னைக் கேட்டால் இதைவிட முக்கியம் வேறொன்று. அதே 2016 இல் நாட்டுக்கு 4.1 என்றபோது மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 11.3. அம்பாறைக்கு 2.6, நாட்டுச் சராசரியைவிடக் குறைவு. சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் வாய்க்காலில் பாயும் வயல்காரரும், பொத்துவில் பக்கம் வானம் பார்த்து விதைக்கிறவரும் அந்த 2.6 க்குள்தான் இருக்கிறார்கள். மாவட்டத்துக்குக் கீழே போகலாமே என்பீர்கள். 2019 ஆய்வுக்கு எடுத்தது நாடு முழுவதும் 25,000 வீடு. 25 மாவட்டத்துக்குச் சராசரி ஆயிரம். மட்டக்களப்பின் 14 பிரதேச செயலகப் பிரிவுக்குப் பங்கிட்டால் பிரிவுக்கு எழுபது சொச்சம். எழுபது வீட்டை வைத்து ஒரு பிரிவின் வறுமையைச் சொல்வது, ஒரு சோற்றைப் பதம் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கறிக்கும் உப்புச் சொல்கிற மாதிரி. ஆகவே 'நாட்டளவில் பரீட்சித்தாயிற்று' என்றால் அது நாட்டளவுக்குத்தான் செல்லும். கிராமத்துக்கு உதவிப்பணம் பங்கிட அதே எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தால், அளவெடுக்காமல் வெட்டிய ஒரே சட்டையை எல்லாருக்கும் போட்டுப் பார்க்கிற கதை.

*கேள்வி: இலங்கை இந்தக் குறிகாட்டி விடயத்தில் ஏதாவது செய்ததா, இல்லை வெளிநாட்டுக்காரன் சொன்னதைக் கேட்பது மட்டும்தானா?*
– வாசகர், வாழைச்சேனை

செய்தது. 2017 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் நிலைபேறான அபிவிருத்திக்கென்றே வந்தது, அதன் கீழ் ஒரு பேரவையும் இருக்கிறது. 2018 இலும் 2022 இலும் நியூயோர்க்கில் போய் நம் முன்னேற்றத்தை நாமே மீளாய்வு செய்து அறிக்கை வைத்தோம். வாசித்துப் பாருங்கள். நான் முதலில் தேடுவது முன்னேற்றத்தை இல்லை, 'தரவு இல்லை' என்று எழுதியிருக்கும் இடங்களை.

*கேள்வி: மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனை ஒரு குறிகாட்டியாகச் சேர்த்தால் என்ன? பாடினால் வாவி நல்ல சுகம், பாடாவிட்டால் வருத்தம். கச்சேரி, கணக்கெடுப்பு ஒன்றும் வேண்டாம்.*
– கல்லடி உப்போடை

தம்பி, பகிடியாகக் கேட்டிருந்தாலும் நான் பகிடியாக எடுக்கவில்லை.

ஒரு குறிகாட்டிக்கு முதல் பரீட்சை, இரண்டு பேர் தனித்தனியாக அளந்தால் ஒரே விடை வருமா என்பது. கல்லடிப் பாலத்தடியில் பறுவ இரவில், முழுநிலவில், தோணியில் போய், சவள் என்கிற துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியில் காதை வைத்தால் கேட்கும் என்பார்கள். நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை கேட்டது, கம்பியை விரலால் மீட்டினது மாதிரி. இரண்டாம் தடவை என் மச்சாள் கேட்டது என்றாள், எனக்குக் கேட்கவில்லை. அங்கேயே முதல் பரீட்சையில் பெயில். இரண்டாவது, கேட்காவிட்டால் காரணம் என்ன என்று சொல்ல முடியுமா? மீன் இல்லையா, பாலத்து வாகனச் சத்தமா, முகத்துவாரம் வெட்டி நீரோட்டம் மாறியதா? மூன்றாவது, கேட்கவில்லை என்று தெரிந்தால் யார் என்ன செய்யப்போகிறார்?

ஆனால் உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 6.6.1 என்று ஒரு குறிகாட்டி, நீர்நிலைகளின் பரப்பு எவ்வளவு மாறியது என்று செய்மதியிலிருந்து பார்க்கிறது. பரப்பு அப்படியே இருக்கும், உள்ளே இறால் இருக்காது. செய்மதிக்கு அது தெரியாது, வலை வீசுகிறவருக்குத் தெரியும். ஆகவே மீனின் பாட்டை விடுங்கள். கரையில் கண்டல் மரம் எத்தனை மீற்றர் தூரத்துக்கு நிற்கிறது, ஒரு வீச்சுக்கு எத்தனை இறால் விழுகிறது என்று ஒரே இடத்தில், ஒரே பறுவத்தில் எழுதிவைத்தால் அது பரீட்சைக்குத் தாங்கும்.

*கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள் அக்கா. நீங்கள் வீட்டுக்குப் போகாமல் மரத்தடியில் இருந்து படிவம் நிரப்பியதே இல்லையா?*
– பெயர் வேண்டாம், களுவாஞ்சிகுடி

நிரப்பியிருக்கிறேன். ஒரு தடவை. குருமண்வெளித் துறையடி, ஐப்பசி மழை, பின்னேரம் கடைசிப் பாதை போகப்போகிறது, நாலு வீடு மிச்சம். இரண்டு வயதுப் பிள்ளையை மாமியிடம் விட்டு வந்திருந்தேன். மரத்தடியில் நின்று நாலையும் எழுதினேன். தெருக்காரர் எல்லாரும் என்ன மாதிரி என்று தெரியும்தானே என்ற மிதப்பு.

இரண்டு கிழமை கழித்து, நிரப்பிய படிவங்களில் சிலவற்றை எடுத்து வேறொருவரை அனுப்பித் திரும்பக் கேட்பார்கள். என் நாலில் ஒன்று மாட்டியது. போனவர் திரும்பி வந்து ஒன்றும் பேசாமல் படிவத்தை என் மேசையில் வைத்தார். நான் 'ஆறு பேர், இருவர் பாடசாலை செல்கின்றனர்' என்று எழுதியிருந்த வீடு மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்ததாம். அவர் மேலே சொல்லவில்லை, அந்த நல்ல மனம் இன்றைக்கும் எனக்குச் சுடும். அடுத்த நாளே துறை தாண்டிப்போய் மற்ற மூன்று வீட்டையும் கேட்டு எழுதினேன். மூன்றிலும் நான் நினைத்தது பிழை. ஒரு வீட்டில் மலசலகூடம் இருக்கிறது என்று எழுதியிருந்தேன். இருந்தது, கதவும் குழியும் இல்லாமல், உள்ளே விறகு அடுக்கி.

*கேள்வி: எங்கள் மாதர் சங்கம் இந்த 30 நிமிடக் கணக்கை நாங்களே எடுத்துப் பார்க்க விரும்புகிறது. எப்படித் தொடங்குவது?*
– மாதர் சங்கச் செயலாளர், மகிழடித்தீவு

இதுதான் எனக்கு வந்ததில் நல்ல கடிதம். ஒரு சீஆர் கொப்பி எடுங்கள். இருபது வீடு போதும், ஆனால் வீதியோரத்து வீடுகளை மட்டும் எடுக்காதீர்கள். உள்ளுக்கு, வயலோரம், வாவியோரம் என்று கலந்து எடுங்கள்.

'எவ்வளவு நேரம்?' என்று வாயால் கேட்க வேண்டாம். எல்லாரும் "ஒரு பத்து நிமிசம்" என்பார்கள், நானும் அப்படித்தான் சொல்வேன். கைபேசியில் நேரம் பார்த்து அவரோடு கூடவே குடத்தோடு நடந்து போங்கள். புறப்பட்ட நேரம், வரிசையில் நின்ற நேரம், வீட்டுத் திண்ணையில் குடத்தை இறக்கிய நேரம், மூன்றையும் எழுதுங்கள். யார் தண்ணீர் தூக்கியது, ஆணா பெண்ணா, என்ன வயது என்பதையும். அதே வீட்டுக்கு அடுத்த கிழமை வேறொரு அங்கத்தவரை அனுப்புங்கள், முதல் விடையை அவருக்குக் காட்டாமல். இரண்டும் ஒத்து வராவிட்டால் வீட்டுக்காரரோடு சண்டை பிடிக்க வேண்டாம், கேள்வியைத் திருத்துங்கள். தையில் ஒரு தடவை, ஆவணியில் ஒரு தடவை எடுக்காமல் கூட்டிக் கழிக்கத் தொடங்காதீர்கள். கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்து 'குடிக்கலாம், கரிக்கிறது, வாயில் வைக்க ஏலாது' என்று மூன்று தரம் போட்டாலே போதும், ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே ஆள் ருசி பார்க்க வேண்டும். கழிவுக்குழிக்குக் கிட்ட இருக்கிற கிணறு, கிருமி இருக்கும் என்று சந்தேகப்படுகிற கிணறு என்றால் நாக்கில் வைக்கவே வேண்டாம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள்.

எழுதி முடிந்ததும் கொப்பியைப் போட்டோப் பிரதி எடுத்து எனக்கும் ஒன்று அனுப்புங்கள். ஆவணிப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பேன்.